இருளைத் தேடும் கண்கள்

பாடத்திற்குள் நுழையும் முன்

கார்த்திகைத் திங்களில், இருள் சூழ்ந்தபின் கீழ்வானத்தை நோக்கினால், சிறு கொத்துப்போல நெருங்கி நிற்கும் சில விண்மீன்களைக் காணலாம். அதுவே கார்த்திகை விண்மீன் கூட்டம். அதில் ஆறு மீன்களை வெறுங்கண்ணால் எண்ணிக் கண்ட நம் முன்னோர், அதனை 'அறுமீன்' என்று அழைத்தனர். இத்தாலிய அறிஞர் கலிலியோ அதே கூட்டத்தைத் தம் சிறு தொலைநோக்கியால் நோக்கி, 1610ஆம் ஆண்டில் 36 மீன்களை வரைந்து காட்டினார். அக்கூட்டத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மீன்கள் உள்ளன என்று இன்று நாம் அறிவோம். வானம் அன்று இருந்ததுதான். நோக்கும் கருவியே வளர்ந்தது. அக்கருவி எவ்வாறு வளர்ந்தது, நம் நாட்டில் எங்கெங்கு நிற்கிறது, அது நம்மிடம் வேண்டுவது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. ஒளியைச் சேர்க்கும் கலம்

தொலைநோக்கி என்றவுடன், தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரிதாக்குவது அதன் இரண்டாவது பணி. ஒளியைச் சேர்ப்பதே அதன் முதற்பணி. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு குவளையையும் ஓர் அண்டாவையும் வைத்தால், அண்டாவில்தான் மிகுதியான நீர் சேரும். வாய் அகன்ற கலம் மிகுதியான மழையைப் பிடிப்பதுபோல, பரப்பு அகன்ற தொலைநோக்கி மிகுதியான ஒளியைப் பிடிக்கிறது.

இருளில் நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அளவே விரிகிறது. அவ்வளவு சிறிய வாயிலின் வழியே புகும் ஒளியைக்கொண்டே நாம் விண்மீன்களைக் காண்கிறோம். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஓர் ஆடி, நம் கண்ணைவிட ஓர் இலட்சம் மடங்கிற்கும் மேலாக ஒளியைச் சேர்க்கும். எனவேதான் கண்ணுக்குப் புலப்படாத மங்கிய மீன்களும் அதற்குப் புலப்படுகின்றன.

கலிலியோவின் தொலைநோக்கியில் கண்ணாடி வில்லைகள் இருந்தன. வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்கிப் பிடிக்க இயலும். மிகப் பெரிதாகச் செய்தால் தன் எடையாலேயே அது வளைந்துவிடும். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்சியைக் குலைக்கும் குறையும் வில்லைக்கு உண்டு. 1668ஆம் ஆண்டில் நியூட்டன் வில்லைக்கு மாற்றாகக் குழியாடியைப் பயன்படுத்தித் தொலைநோக்கி செய்தார். ஆடியைப் பின்புறம் முழுவதும் தாங்கலாம். ஆதலால் இன்றைய பெருந்தொலைநோக்கிகள் அனைத்தும் ஆடி கொண்டவையே.

2. காவலூர்

தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. தொலைநோக்கி அமைப்பதற்கு ஏற்ற இடத்தை நாடித் தேடிய வானியல் அறிஞர் வைணு பாப்பு, இவ்வூரைத் தெரிந்தெடுத்தார். நகர ஒளி எட்டாத மலைக்காடு என்பது ஒரு காரணம். நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் வடவானம், தென்வானம் ஆகிய இரண்டின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம் என்பது மற்றொரு காரணம். 1968ஆம் ஆண்டில் சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் இங்குப் பணி தொடங்கியது.

2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் இங்குத் திறக்கப்பட்டது. இதனை இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்து உருவாக்கினர். அதற்காக உழைத்த வைணு பாப்பு, அது நிறைவுறுவதைக் காணாமல் 1982ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் பெயரையே அத்தொலைநோக்கி தாங்கி நிற்கிறது. 1988ஆம் ஆண்டில் காவலூர் வானியலாளர் கண்டறிந்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

3. கண் காணாத ஒளி

வானவில்லில் நாம் காணும் ஏழு நிறங்களோடு ஒளி முடிந்துவிடுவதில்லை. சிவப்புக்கு அப்பால் அகச்சிவப்புக் கதிர்களும், அவற்றிற்கும் அப்பால் வானொலி அலைகளும் உள்ளன. ஊதாவுக்கு அப்பால் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் உள்ளன. இவை யாவும் ஒளியின் உறவினரே. அலைநீளத்தில் மட்டும் வேறுபடுவன. விண்வெளியில் உள்ள குளிர்ந்த வளிமுகில் வானொலி அலையாகப் பேசும். வெடித்துச் சிதறும் விண்மீன் எக்ஸ் கதிராகவும் பேசும். கண்ணால் காணும் ஒளியை மட்டும் நோக்குபவர், ஒரு பெரிய இசை நிகழ்ச்சியில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் கேட்பவரைப் போன்றவர்.

கடந்த நூறாண்டுகளில் தொலைநோக்கித் துறையில் ஏற்பட்ட பெரும் மாற்றம், ஒவ்வொரு வகைக் கதிருக்கும் ஏற்ற தனித்தனிக் கருவி தோன்றியமையே ஆகும். நம் நாட்டிலேயே அவற்றுள் பலவற்றைக் காணலாம்.

4. மலைச்சரிவே கருவியாகிய உதகை

நீலகிரி மாவட்டத்தின் உதகைக்கு அருகில் முத்தோரை என்னும் இடத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி உள்ளது. கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில் 1970ஆம் ஆண்டில் அது நிறைவு பெற்றது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். வளைந்த 24 இரும்புச் சட்டங்களின்மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அக்கம்பிகளே அதன் ஆடி.

இக்கருவியின் சிறப்பு அது நிற்கும் இடத்தில் உள்ளது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வானத்துப் பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நோக்க, தொலைநோக்கியையும் பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் சுழற்றவேண்டும். உதகை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. அங்கே நீளவாக்கில் கிடக்கும் ஒரு கருவி பூமியின் அச்சுக்கு இணையாக அமையவேண்டுமாயின், அது வடக்கு நோக்கி 11 பாகை உயர்ந்து சாய்ந்திருக்கவேண்டும். அதே சாய்வுடைய இயற்கையான மலைச்சரிவைத் தேடிக் கண்டு, அதன்மேலேயே தொலைநோக்கியை அமைத்தனர். பெரும்பொருள் செலவில் எழுப்பவேண்டிய சாய்தளத்தை மலையே தந்தது. கருவியை ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினால், ஒரு வான்பொருளை ஒன்பது மணிநேரத்திற்கும் மேலாகத் தொடர்ந்து நோக்கலாம்.

5. முப்பது கிண்ணங்கள்

மகாராட்டிர மாநிலத்தின் புணே மாவட்டத்தில், நாராயண்காவ் என்னும் ஊருக்கு அருகே கோடத் என்னும் சிற்றூர் உள்ளது. அதனைச் சூழ்ந்து 30 மாபெரும் கிண்ணங்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 45 மீட்டர். 14 கிண்ணங்கள் நடுவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பரப்பிற்குள் உள்ளன. ஏனைய 16 கிண்ணங்கள் மூன்று கிளைகளாக விரிந்து செல்கின்றன. அனைத்தும் சேர்ந்து 25 கிலோமீட்டர் தொலைவிற்குப் பரவியுள்ளன. இதனையும் கோவிந்த் சுவரூப் குழுவினரே அமைத்தனர்.

இங்கு இரண்டு நுட்பங்களை அறியவேண்டும். முதலாவது, கிண்ணத்தின் பரப்பு தகடாக இல்லாமல் கம்பிவலையாக உள்ளது. சிறிய கண்களையுடைய வலையைப் பெரிய மீன் கடந்து செல்லாது அல்லவா? இங்குப் பெறப்படும் வானொலி அலைகளின் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முதல் 2 மீட்டர் வரை. வலையின் கண்களோ மிகச் சிறியவை. ஆதலால் அலைகள் வலையில் பட்டுத் திரும்புகின்றன. காற்று மட்டும் வலையினூடே புகுந்து செல்கிறது. காற்றின் விசையைத் தாங்கவேண்டிய தேவை குறைவதால் கிண்ணத்தை எடை குறைவாகவும் செலவு குறைவாகவும் செய்ய முடிந்தது.

இரண்டாவது, 30 கிண்ணங்களும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை நோக்குகின்றன. அவை பெறும் அலைகளைக் கணினி இணைக்கிறது. அவ்வாறு இணைக்கும்போது, 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கிண்ணம் எவ்வளவு நுண்மையாகப் பிரித்துக் காட்டுமோ, அந்த அளவு நுண்மை கிடைக்கிறது. அத்துணைப் பெரிய கிண்ணத்தை எவராலும் கட்ட இயலாது. பலர் கூடி ஒருவராகப் பார்ப்பது போன்ற இம்முறையே இன்று உலகின் பெரிய வானொலித் தொலைநோக்கிகள் பலவற்றிற்கும் அடிப்படை.

6. சுழலும் பாதரசம்

உத்தராகண்ட மாநிலத்தின் நைனிதால் மாவட்டத்தில், தேவஸ்தல் என்னும் மலையில் 4 மீட்டர் அகலமுள்ள புதுமையான ஆடி ஒன்று உள்ளது. அது கண்ணாடியால் ஆனதன்று. நீர்மநிலையில் உள்ள பாதரசத்தால் ஆனது.

குவளையில் உள்ள பாலைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். நடுவில் பால் தாழும்; ஓரத்தில் உயரும். ஒரு கலத்தைச் சீராகச் சுழற்றினால், அதில் உள்ள நீர்மத்தின் பரப்பு பரவளைய வடிவம் பெறும். தொலைநோக்கி ஆடிக்கு வேண்டிய வடிவமும் அதுவே! கண்ணாடியைப் பல திங்கள் தேய்த்துப் பெறும் வடிவத்தைச் சுழற்சி தானாகவே தந்துவிடுகிறது. தேவஸ்தலில் ஏறத்தாழ 50 லிட்டர் பாதரசம், 8 நொடிக்கு ஒரு சுற்று என்னும் வேகத்தில் சுழல்கிறது. 2022ஆம் ஆண்டில் அது முதன்முதலாக வானத்தை நோக்கியது.

இவ்வாடியைச் சாய்க்க இயலாது; சாய்த்தால் பாதரசம் வழிந்துவிடும். ஆதலால் தலைக்கு நேர்மேலே உள்ள வானத்தை மட்டுமே அது நோக்கும். அக்குறையையும் அறிவியலாளர் பயனாக மாற்றிக்கொண்டனர். பூமி சுழலச் சுழல, வானத்தின் ஒரே பட்டை இரவுதோறும் அதன் பார்வைக்குள் வந்து செல்கிறது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டால், புதிதாக வெடித்த விண்மீனோ நகர்ந்து சென்ற சிறுகோளோ உடனே புலப்படும்.

7. உயர்ந்த பாலைநிலம்

விண்மீன்கள் கண் சிமிட்டுவது காண்பதற்கு இனிது. வானியலாளருக்கோ அது இடையூறு. அலையும் காற்றின் வழியே ஒளி வருவதால்தான் மீன் சிமிட்டுகிறது, படமும் கலங்குகிறது. காற்றில் உள்ள நீராவி, அகச்சிவப்புக் கதிர்களின் பெரும்பகுதியை விழுங்கியும் விடுகிறது. எனவே காற்று மெலிந்த, ஈரம் அற்ற உயரமான இடங்களை நாடவேண்டியுள்ளது.

இலடாக்கில் உள்ள ஹான்லே அத்தகைய இடம். அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் ஆடியுடைய 'இமாலயச் சந்திரா தொலைநோக்கி' நிற்கிறது. மூச்சு விடுவதே கடினமான அவ்விடத்தில் ஆய்வாளர் இரவுதோறும் அமர்ந்திருக்கவேண்டியதில்லை. கருநாடகத்தின் ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக அதனை இயக்குகின்றனர். 'சந்திரா' என்பது இயற்பியலுக்கான நோபல் பரிசை 1983ஆம் ஆண்டில் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறிக்கும். தமிழ்க் குடும்பத்தினரான அவர், தந்தையார் இரயில்வே தணிக்கைப் பணியில் இருந்த காலத்தில், 1910ஆம் ஆண்டில் லாகூரில் பிறந்தார். பெற்றோரின் பணி நிமித்தமாகச் சொந்த மண்ணிற்கு அப்பால் பிறந்த அவர் பெயரை, இன்று நாட்டின் வட எல்லையில் ஒரு தொலைநோக்கி சுமந்து நிற்கிறது.

அதே ஹான்லேயில், 21 மீட்டர் அகலமுள்ள காமாக் கதிர்த் தொலைநோக்கி 2024ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. காமாக் கதிர்கள் தரையை வந்தடைவதில்லை. மேலே உள்ள காற்றில் மோதி அழிகின்றன. மோதும்போது, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் நீலநிற ஒளி தோன்றுகிறது. அந்த மின்னலைப் பிடித்து, வந்த கதிரின் ஆற்றலையும் திசையையும் கணக்கிடுகின்றனர். அடிச்சுவட்டைக் கண்டு யானை சென்ற வழியை அறிவதை ஒத்தது இது.

8. காற்றைக் கடந்து

காற்று என்னும் திரையை முற்றிலும் கடக்கவேண்டுமாயின் விண்வெளிக்கே செல்லவேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'அஸ்ட்ரோசாட்', புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் நோக்கும் இந்திய விண்வெளி ஆய்வகம் ஆகும். 930 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் திரளிலிருந்து வந்த புற ஊதாக் கதிர்களை அது கண்டறிந்த செய்தி 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

2021 டிசம்பர் 25 அன்று அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய விண்வெளி நிறுவனங்கள் 'ஜேம்ஸ் வெப்' தொலைநோக்கியை அனுப்பின. அதன் ஆடி 6.5 மீட்டர் அகலமுடையது. அவ்வளவு பெரிய ஆடி ஏவூர்திக்குள் அடங்காது. ஆதலால் அதனை 18 அறுகோணத் துண்டுகளாகச் செய்து, மடித்து அனுப்பி, விண்வெளியில் விரித்தனர். அகச்சிவப்புக் கதிர்களை நன்கு திருப்பும் பொன், ஆடியின்மேல் மெல்லிய பூச்சாக இடப்பட்டது. வெப்பமான பொருள் எதுவும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும்; தொலைநோக்கியே வெப்பமாக இருந்தால், தன் ஒளியே தன் கண்ணை மறைக்கும். ஆகவே பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், டென்னிஸ் திடல் அளவுள்ள ஐந்தடுக்குக் குடையின் நிழலில் அது குளிர்ந்து நிற்கிறது. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் புறப்பட்ட ஒளியையும் அது கண்டுள்ளது.

9. இருள் என்னும் செல்வம்

இதுவரை கண்ட தொலைநோக்கிகள் வடிவத்தாலும் நுட்பத்தாலும் வேறுபட்டவை. எனினும் அவை நாடுவது ஒன்றே: இடையூறு இல்லாத வானம். காவலூர் காட்டையும், ஹான்லே பாலைநிலத்தையும் நாடியது இருளுக்காக. கோடத் மலை சூழ்ந்த ஊரை நாடியது வானொலி அமைதிக்காக. விண்ணிலிருந்து வரும் வானொலி அலை மிகமிக மெல்லியது. அருகில் ஒலிக்கும் ஒரு செல்பேசியின் அலைக்கு முன் அது ஒன்றுமேயில்லை.

ஆடியை உருவாக்கலாம், ஏவூர்தியைக் கட்டலாம். இருளை எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தி செய்ய இயலாது. இருப்பதைக் காக்கவே இயலும். இன்று நகரங்களின் தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் தரைக்குத் தரவேண்டிய ஒளியை வானத்திற்கும் இறைக்கின்றன. அவ்வொளி தூசியிலும் ஈரத்திலும் பட்டுப் பரவி வானத்தை வெளுக்கச் செய்கிறது. பூமியைச் சுற்றும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களும் தொலைநோக்கிப் படங்களில் ஒளிக்கோடுகளை இழுத்துச் செல்கின்றன.

ஹான்லே மக்கள் வேறு வழியைத் தெரிந்துகொண்டனர். 2022ஆம் ஆண்டில் அவ்வூரைச் சூழ்ந்த ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ளோர் சாளரங்களுக்குத் தடித்த திரையிடுகின்றனர். விளக்குகளுக்குக் கவிகை இட்டு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புகின்றனர். ஊர் இளைஞர் பயிற்சி பெற்று, வரும் விருந்தினருக்குத் தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டுகின்றனர். இருளைக் காத்தவர்களுக்கு அவ்விருளே வாழ்வாதாரமும் ஆயிற்று.

மாணவர்களே, நீங்கள் வாழும் நகரத்தில் அறுமீனில் ஆறு மீன்களும் தெரிகின்றனவா? பல நகரங்களில் மூன்றோ நான்கோதான் தெரியும். சிலவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. 'அறுமீன்' என்னும் சொல் நம் நாவில் இருந்து, அதன் பொருள் வானிலிருந்து மறையுமாயின், அச்சொல் வெறுங்கூடாகிவிடும். தேவையற்ற விளக்கை அணைப்பதும், வாயில் விளக்கின் ஒளி மேலே செல்லாமல் மறைப்பதும் சிறு செயல்களே. ஆனால், அவையே வானத்தைத் திரும்பப் பெறும் வழியின் தொடக்கம்.

சொல்லும் பொருளும்

ஆடி – முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் பரப்பு
வில்லை – ஒளியை வளைத்துக் குவிக்கும் கண்ணாடி
பாவை – கண்ணின் கருமணி
பாகை – கோணத்தின் அளவு
நீர்மம் – நீர்போல் ஓடும் தன்மையுள்ள பொருள்
கவிகை – குடை, மூடாக்கு
ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தொலைநோக்கியின் முதற்பணி ________.
2. உதகை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ________ பாகையில் உள்ளது.
3. தேவஸ்தல் ஆடி ________ என்னும் நீர்ம உலோகத்தால் ஆனது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பெருந்தொலைநோக்கிகளில் வில்லைக்கு மாற்றாக ஆடி இடம்பெறக் காரணம் என்ன?
2. கோடத் கிண்ணங்கள் கம்பிவலையால் அமைக்கப்பட்டமை ஏன்?
3. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குக் குடை தேவைப்படுவது ஏன்?

இ. பிரித்து எழுதுக.
அறுமீன், குழியாடி, வெறுங்கண், பேரண்டம்

ஈ. கலந்துரையாடுக.
'இரவில் ஒளி மிகுந்த நகரமே முன்னேறிய நகரம்' என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணங்களுடன் பேசுக.

உ. செய்து பார்க்க.
கார்த்திகைத் திங்களில் முகில் இல்லாத ஓர் இரவில், விளக்கொளி படாத இடத்தில் கால்மணி நேரம் கண்களை இருளுக்குப் பழக்குக. பின்னர் அறுமீனில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என எண்ணுக. விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது, அல்லது அங்கு வாழும் தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் வேண்டி, அங்கு எத்தனை தெரிகின்றன என அறிந்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.